சாட்சியும் குருதியும்

மனித சமத்துவத்தைப் பிரகடனஞ் செய்த தோமஸ் ஜெபர்சன், நூற்றுக்கணக்கான அடிமைகளின் எசமானுமாவார். அவருடைய அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தை என, அப்பிள்ளைகளுள் ஒருவரான மாடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஒகாயோப் பத்திரிகையொன்றிற் கூறினார். சரித்திர ஆசிரியர் பலர் அதனை ஏற்றிலர். ஜெபர்சனின் சகோதரி மைந்தர் மீது பழியைச் சுமத்திய அவருடைய பேரப்பிள்ளைகளின் கூற்றையே நம்பினர். இரண்டும் குடும்பத்தார் கூற்றுக்களே. எனினும் எசமானின் குடும்பம் சொன்னது சரித்திரமாயிற்று. அடிமையின் குடும்பம் சொன்னது வதந்தியாயிற்று.

இவ்வோரவஞ்சனையைத் தோலுரித்துக் காட்டியது, சட்ட அறிஞரான அனெற் கோர்டன்-றீட் 1997இல் வெளியிட்ட நூல். ஹெமிங்ஸ் வழக்கை ஆராயும் அந்நூல், இரு தரப்புச் சாட்சியங்களையும் ஒரே தராசில் இட்டு நிறுக்கின்றது.

மறு ஆண்டு மரபணுச் சோதனை வந்தது. வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாற்றமின்றிச் செல்வது. மனைவிவழி ஆண் சந்ததி ஜெபர்சனுக்கு நிலைக்காமையால், அவருடைய தந்தையின் சகோதரர் ஒருவரின் வழிவந்த ஆடவரிடமே ஒப்பீட்டுக்குரிய குருதி பெறப்பட்டது. சாலியின் கடைசி மகன் எஸ்ற்றனின் ஆண்வழித் தோன்றலொருவரின் குருதி அதனுடன் பொருந்திற்று. சகோதரி மைந்தரின் வழியுடன் பொருந்தவில்லை. ஜெபர்சனின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கருதிவந்த வுட்சன் குடும்பத்தாரின் குருதியும் பொருந்தவில்லை. வாய்மொழி மரபு யாவும் மெய்யென நாம் வாதிக்கவில்லை. யாவும் ஒருபடித்தாகச் சோதிக்கப்படல் வேண்டும் என்பதே நம் கட்சி.

ஆயின் இச்சோதனை குலத்தைச் சுட்டுமேயன்றி ஆளைச் சுட்டாது. சாலி கருவுற்ற காலங்களிலெல்லாம் ஜெபர்சன் மொன்டிசெலோ இல்லத்தில் இருந்தார் என்பதை உணர்த்துவன ஏடுகளே. விஞ்ஞானம் இங்கு சாட்சியத்தின் துணைவன். அதன் பதிலாள் அன்று. நூலின் வாதத்துக்கு அசையாதவர் பலர் குருதிக்கு அசைந்தமை, மனிதனின் சொல்லை மதியாத மனப்பான்மைக்கே சான்று.

பிள்ளையின் நிலை தாயின் நிலையையே பின்பற்றும் என 1662ஆம் ஆண்டின் வேர்ஜீனியாச் சட்டம் விதித்தது. தந்தை யாரெனக் கேளாமலே பிள்ளையை அடிமையாக்கிய சமுதாயமே, பின்னர் தந்தைக்கு ஆதாரம் எங்கே எனக் கேட்டது!

நூலிற் குறையுமுண்டு. வழக்குரையின் வேகத்தில், எழுத்தெதனையும் விட்டுச் செல்லாத சாலி வெறும் தடயமாகிவிடுகின்றாள். ஹெமிங்ஸ் குடும்பம் முழுவதையும் உயிருள்ள மாந்தராய்க் காட்டும் ஆசிரியரின் 2008ஆம் ஆண்டு நூல் அக்குறையைப் பெரிதும் நீக்குகின்றது. குருதி தந்தையின் குலத்தைச் சொல்லும்; தாயின் வாழ்வை எழுத்தாளனே சொல்லல் வேண்டும்.