ஒரே மலைக்கு இரண்டு பிறப்பு

மல்லசமுத்திரம் பருத்தி ஏலத்துக்கு மூட்டையோடு வந்த குடியானவரிடம் கேட்டாலும், திருச்செங்கோட்டு மலை சிவந்த கதையைச் சொல்வார். ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் யார் பலசாலி என்று போட்டி. சேஷன் மேருவைப் படத்தால் இறுக்கிப் பிடித்தான். வாயு வீசிய வீச்சில் சிகரம் மூன்றாகச் சிதறியது. ஒன்று திருவண்ணாமலை, ஒன்று இலங்கையில், ஒன்று இந்த நாகமலை. சேஷனின் ரத்தம் பட்டதால் செங்கோடு.

இதே போட்டியைத் திருச்சியிலும் சொல்கிறார்கள். அங்கே விழுந்த துண்டுகள் காளத்தி, திரிகோணமலை, சிராமலை. செங்கோட்டுக்கு அதில் இடமே இல்லை. இதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கயிலைக்குப் போக வக்கில்லாத ஏழைக்கும் அவன் ஊர்ப் பாறையையே புண்ணிய பூமியாக்கிக் கொடுத்தது இந்தக் கதைதான். குறை, அதை ஏட்டில் ஏற்றிய முறையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒருவரே ஊராரும் மடத்தாரும் கேட்டதற்காக இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் பாடினார். புலமைக்குக் குறைவில்லை. ஆனால் தலபுராணம் என்றாலே நாட்டுப்படலமும் நகரப்படலமும் வந்தாக வேண்டும். எந்த ஊரானாலும் ஆறு பெருகும், வாளை துள்ளும். மானாவாரியில் கடலை போட்டுவிட்டு வானம் பார்க்கிற நம் மண் அந்தப் பாட்டுக்குள் அடங்காது.

இதே மலைக்கோயிலில் சொல்லப்படும் பிருங்கி முனிவரின் கதை இன்னும் ஆழமானது. சிவனை மட்டுமே கும்பிடுவேன் என்றவர் அவர். அம்மை நெருங்கி உட்கார்ந்தபோது வண்டாகி நடுவே துளைத்து, ஈசனை மட்டும் வலம் வந்தார். தாய் கொடுத்த சதையும் ரத்தமும் போகட்டும் என்றாள் அம்மை. எலும்பாய்ச் சரிந்தவருக்கு ஈசன் மூன்றாவது கால் கொடுத்துத் தாங்கினார். அம்மை கேதாரகௌரி விரதமிருந்து இடப்பாகம் பெற்றாள். சைவத்துக்கும் சாக்தத்துக்கும் இருந்த வழக்கை ஒரே உடம்பில் தீர்த்த கதை இது. அதனால் இங்கே மூலவருக்கு வலப்புறம் வேட்டி, இடப்புறம் புடவை. அதே கோயிலில் ஆதிகேசவப் பெருமாளுக்கும் சன்னிதி உண்டு. காஞ்சிபுரத்தில் வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியதை நினைத்தால் இதன் அருமை தெரியும். ஆனாலும் இணங்காதவன் எலும்பும் தோலுமாக நிற்கிறான். அவன் நியாயத்தைக் கதை கேட்கவில்லை.

ஏட்டுக்கதை மட்டுமே மலையின் கதை என்று நாமும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தோம். இந்த மலைக்கோயிலின் வாய்மொழி வழக்கத்தை வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது. 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மனம் நொந்தவர்களின் நோவும் உண்மைதான். அதற்காக ஒருவர் எழுதுவதை நிறுத்த நேர்ந்தது பெரிய கொடுமை.

படியேறும் வழியில் பாறையில் அறுபதடி நீளத்துக்கு நாகம் கிடக்கிறது; மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பிக் கல் தெரியவில்லை. வேப்பமரத்தடிப் புற்றுக்குப் பால் ஊற்றுகிற கைகள்தான் இங்கேயும் அப்புகின்றன. பாம்பு முதலில் வந்தது, சேஷன் என்ற பெயர் பின்னால் வந்தது என்பதே என் எண்ணம். மேலே சத்தியப்படி. வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே ஒரு சத்தியத்தில் முடிந்திருக்கின்றன. யார் எதற்காக அந்தப் படியில் நின்றார்கள் என்பது நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் எழுதி வைக்க ஆள் வேண்டும்.