பந்தி முடியுமுன் இலை எடுப்பவர்கள்

காஞ்சிரங்குளம், பாறசாலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்துக் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போகிறவர்களில் டெஸ்டிங் வேலைக்காரர்களும் உண்டு. 1990-இல் தொடங்கிய அந்த வளாகமானாலும் சென்னை, பெங்களூரு ஆனாலும் அவர்கள் எழுதும் பிரவுசர் சோதனைகளில் ஒரு வழக்கம் மாறாது. டெஸ்ட் ஓடுமுன் பிரவுசரைத் திறந்து லாகின் செய்து தரவை நிரப்ப ஒரு செட்டப் ஹூக். முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்து மூட ஒரு டியர்டவுன் ஹூக்.

கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்கு எழுதிய சோதனைக் கருவியிலிருந்து ஜேயூனிட் வழியாகப் பரவிய ஏற்பாடு இது. இதன் நன்மை பெரிது. லாகின் வரிகளை நூறு இடத்தில் எழுத வேண்டாம். ஒரு டெஸ்ட் விட்டுப்போன குப்பை அடுத்ததைத் தொடாது. ஆனால் டெஸ்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் என்ற எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. நேரத்தை மிச்சப்படுத்த எட்டு பிரவுசர்களை ஒரே சமயத்தில் ஓட்டும்போது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையைப் பக்கத்துப் பந்திக்காரர் எடுத்துவிடுகிறார். எட்டுக்கும் ஒரே டெஸ்ட் யூசர் என்றால், ஒன்றின் டியர்டவுன் அந்த யூசரின் ஆர்டர்களையெல்லாம் அழிக்கும் நொடியில் இன்னொன்று அதே ஆர்டரைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். தனியாக ஓட்டினால் பச்சை, சேர்த்து ஓட்டினால் சிவப்பு. பல குழுக்கள் இதற்கு ரீட்ரை போட்டு மூடிவிடுகின்றன. அது வைத்தியமே அல்ல.

‘எல்லாவற்றுக்கும் முன் ஒருமுறை’ ஓடும் ஹூக்தான் இன்னும் ஏமாற்றுவது. பிளேரைட் என்ற சோதனைக் கருவியில் பிஃபோர்ஆல் எனப்படும் அந்த ஹூக், டெஸ்டுகளைப் பங்கிட்டு ஓட்டும் வொர்க்கர் பிராசஸ் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஓடும். ஒரு டெஸ்ட் தோற்றால் பிளேரைட் அந்த வொர்க்கரைக் கழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். ஹூக் மறுபடி ஓடும். பைத்தான் டெஸ்டுகளைப் பேரலலாக ஓட்டும் பைடெஸ்ட்-எக்ஸ்டிஸ்டிலும் செஷன் அளவு ஃபிக்ஸ்சர் என்ற செட்டப் ஒவ்வொரு வொர்க்கரிலும் தனியாக ஓடுகிறது. நிலையான பெயரில் கடை ஒன்றை உருவாக்கும் ஹூக், இரண்டாம் முறை ‘ஏற்கெனவே உள்ளது’ என்று விழும். ஜாவாவின் டெஸ்ட்என்ஜியில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே த்ரெட்கள். பிரவுசரை இயக்கும் டிரைவரை எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான ஸ்டாடிக் மாறியில் வைத்தால் கடைசியாக வந்தவர் எழுதியதே நிற்கும். அதற்காக ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு வைக்கும் த்ரெட்லோக்கல் போட்டு, டிரைவரை பிஃபோர்கிளாஸில் திறந்துவிட்டு, மெத்தட் அளவில் பேரலல் ஓட்டினால் வேறு த்ரெட்டில் ஓடும் டெஸ்டுக்குக் கிடைப்பது ‘நல்’ என்ற வெற்று மதிப்பு. பிஃபோர்மெத்தடில் திறப்பதே சரி.

டியர்டவுனை நம்புவதில்தான் எனக்குப் பெரிய மறுப்பு. டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ அமைப்பு பிராசஸைப் பாதியில் கொன்றால் டியர்டவுன் ஓடாது. டெஸ்ட்என்ஜியில் செட்டப் தோற்றால் ஆஃப்டர்மெத்தடும் தாண்டப்படும், ஆல்வேஸ்ரன் போட்டிருந்தால் ஒழிய. மூடாத பிரவுசர் செலினியம் கிரிட் 4-இல் இயல்பாக 300 நொடிவரை ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்த டெஸ்ட் வரிசையில் நிற்கும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடே வேகத்தைத் தின்கிறது. தோற்ற டெஸ்டின் தரவை அழிப்பது தடயத்தை அழிப்பதும்கூட.

ஆகவே ஹூக்குகளை ஒழிக்க வேண்டியதில்லை, அவற்றின் எல்லையைச் சுருக்கினால் போதும். ஒவ்வொரு டெஸ்டும் வொர்க்கர் எண்ணோடு தற்செயல் எண்ணும் சேர்த்துத் தன் யூசரைத் தானே உருவாக்கட்டும். அதையும் திரை வழியாக அல்லாமல் ஏபிஐ வழியாக. டியர்டவுனுக்குப் பிரவுசரை மூடும் வேலை மட்டும் போதும். மிஞ்சும் தரவை இரவில் ஒரு தனி வேலை கூட்டிப் பெருக்கட்டும். அதுவரை டேட்டாபேஸ் பெருத்துவிடும் என்பது உண்மை, ஆனாலும் நள்ளிரவில் காரணம் தெரியாத சிவப்பைத் தேடுவதைவிட அது மலிவு. ஜிஎஸ்டி விகிதம் போல முழு அமைப்புக்கும் பொதுவான ஒன்றை மாற்றும் டெஸ்டுகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றைப் பேரலல் கூட்டத்திலிருந்து பிரித்து, கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்ட வேண்டும்.