மதிலும் திறப்பும்

உர்சுலா லெ குவின் 1974இல் வெளியிட்ட 'தி டிஸ்பொஸஸ்ட்' நாவலை முதலாளித்துவத்துக்கும் பொதுவுடைமைக்கும் இடையிலான வழக்காகவே பலரும் வாசிக்கிறார்கள். எனக்கு அது, அறிவின் திறப்பு யார் கையில் என்று கேட்கும் கதை.

அனாரஸ் வரண்ட உலகம். ஊராஸை விட்டு வந்த ஓடோவின் வழியினர் அங்கே அரசும் சொத்தும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கதவடைப்பு. ஊராஸிலிருந்து ஆண்டுக்கு எட்டுச் சரக்குக் கலங்கள் வரும். ஆட்கள் வர முடியாது. கலத்துறையைச் சுற்றி ஒரு மதில்.

ஆனா, அந்த மதில் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. பௌதிகவியலாளர் சபூலிடம் ஊராஸ் நூல்கள் இருக்கின்றன. இளைஞன் ஷெவெக்கிடம் அவற்றைக் கொடுக்கும்போதே, பொதுவில் விடாதே என்கிறார். பிறகு ஷெவெக்கின் ஆய்வு நூலில் தன் பெயரையும் ஏற்றுகிறார். சொத்தில்லாத ஊரில் அவர் சேர்த்த சொத்து இதுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. சபூலை அற்பராகவும் பொறாமைக்காரராகவும் வரைந்ததால் குற்றம் ஆளோடு போய்விடுகிறது. அவர் நல்ல மனுசனா இருந்திருந்தா? பிள்ளைகள் கெட்டுப் போகக் கூடாதென்றே நூலைப் பூட்டியிருந்தா? அப்போது கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கும். ஆசிரியத் தொழிலில் நான் அதிகம் கண்டது அப்படி நல்லெண்ணத்தோடு பூட்டுகிறவர்களைத்தான்.

முடிவில் ஷெவெக்கோடு ஹெய்ன் உலகத்தவர் ஒருவரும் அனாரஸுக்கு வருகிறார். அவரை ஊர் எப்படி வரவேற்கும் என்பதைச் சொல்லாமலே நாவல் நிற்கிறது. திறப்பு இப்போது ஊரின் கையில்.