ஐம்பது மீட்டரா, நூறு மீட்டரா?

மூடுபனியில் காரின் பின்பக்க ஃபாக் லைட்டை எப்போது போடலாம் என்ற கேள்விக்கு பிரிட்டன் ஒரு பதிலும் ஜெர்மனி வேறொரு பதிலும் வைத்திருக்கின்றன. பிரிட்டனின் 1989-ஆம் ஆண்டு வாகன விளக்கு விதிகள், பார்வைத் தூரம் கடுமையாகக் குறைந்தாலொழியப் போடக்கூடாது என்கின்றன. கடுமை என்றால் எத்தனை மீட்டர் என்று விதியில் இல்லை. பொதுவாக 100 மீட்டருக்கு மேல் கண்ணுக்கு எட்டாத நிலை என்று அந்நாட்டு நெடுஞ்சாலைக் கையேடு விளக்குகிறது. ஜெர்மன் சாலைப் போக்குவரத்துச் சட்டமோ அளவையே எழுதிவிடுகிறது: மூடுபனியால் பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால் மட்டும்.

ஒரு சிவப்பு விளக்குக்கு இத்தனை கறார் ஏன்? சாதாரணப் பின்விளக்குக்கு ஐரோப்பியத் தரவிதி கேட்கும் குறைந்தபட்ச ஒளிச்செறிவு 4 கேண்டெலா. பின்பக்க ஃபாக் லைட்டுக்கு 150 முதல் 300 வரை. பிரேக் லைட் 60-லேயே தேறிவிடும். அதாவது ஃபாக் லைட், வண்டி நிற்கப்போவதை அறிவிக்கும் விளக்கையே அமுக்கிவிடக்கூடியது. இரண்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட வேண்டும் என்று தரவிதி சொல்வது அதனால்தான். பனி விலகிய பிறகும் அதை எரியவிட்டுச் செல்பவர், பின்னால் வருபவரின் கண்ணைக் கூசவைப்பதோடு, தான் பிரேக் போடுவதையும் அவரிடமிருந்து மறைக்கிறார். முன்பக்க ஃபாக் லைட் இந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. தாழ்வாக, அகலமாக விழும் அதன் ஒளி சாலை ஓரத்தைக் காட்டும், தூரத்தைக் காட்டாது.

பிரிட்டனின் 100 மீட்டருக்கு ஒரு நியாயம் உண்டு. மணிக்கு 70 மைல் என்ற மோட்டார்வே உச்ச வேகத்தில் கார் நிற்க 96 மீட்டர் வேண்டும் என்கிறது அதே கையேடு. ஆகவே, உச்ச வேகத்தில் வருபவருக்குப் பார்வைத் தூரம் போதாமல் போகத் தொடங்கும் இடத்தில் விளக்கை அனுமதிக்கிறார்கள். பின்னால் வருபவர் வேகத்தைக் குறைக்கமாட்டார் என்று வைத்துக்கொண்டால் இது சரியான எல்லை. ஆனால் அவர் குறைக்காமல் வருவதல்லவா ஆபத்தே? மேலும், பனிக்குள் 100 மீட்டரை எதை வைத்து அளப்பது? அளவுகோல் இல்லாத எல்லை, ஓட்டுபவரின் பயத்தைப் பொறுத்து நீளும், சுருங்கும்.

இங்கேதான் ஜெர்மன் சட்டம் முந்துகிறது. ஊருக்கு வெளியே ஜெர்மன் சாலைகளின் ஓரத்தில், நேரான பகுதிகளில் 50 மீட்டருக்கு ஒன்றாகக் கறுப்பு வெள்ளைக் கம்பங்கள் நிற்கின்றன. ஒரு கம்பத்தைத் தாண்டும்போது அடுத்த கம்பம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும், அளந்தாயிற்று. அதைவிட முக்கியம், பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அதே சட்டம் கட்டளையிடுகிறது. பொது வேக வரம்பே இல்லாத ஆட்டோபானிலும் இதுதான் விதி. ஓட்டுநர் பள்ளிகளில் சொல்லித்தரும் கணக்குப்படி 50 கிலோமீட்டர் வேகத்தில் சுதாரிக்க 15 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க 25 மீட்டர், மொத்தம் 40. தெரியும் தூரத்துக்குள் வண்டி நின்றுவிடும். விளக்குக்கும் வேகத்துக்கும் ஒரே எல்லை என்பதால், ஃபாக் லைட் போடும் கை வேகத்தையும் குறைத்தாக வேண்டும். பிரிட்டனில் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் போகும்படி கையேடு அறிவுரைதான் தருகிறது.

ஜெர்மன் சட்டத்தில் ஒரு குறை இருக்கிறது, அதை மழுப்ப முடியாது. வேகக் கட்டுப்பாட்டுக்கு மழையையும் பனிப்பொழிவையும் கணக்கில் எடுக்கும் சட்டம், பின்பக்க விளக்குக்கு மூடுபனியை மட்டுமே ஏற்கிறது. அடைமழையில் லாரிச் சக்கரம் கிளப்பும் நீர்த்திரைக்குள் காணாமல் போகும் சிறிய காருக்கு இந்தப் பாகுபாடு அநியாயம். பிரிட்டனின் விதி இதில் மேல். எதனால் மறைக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

இருந்தும் என் தீர்ப்பு ஜெர்மனியின் பக்கமே. மழை விடுபட்டதை ஒரு சொல் சேர்த்துச் சரிசெய்துவிடலாம். பிரிட்டனின் விதியைச் சரிசெய்ய அளவு, கம்பம், வேக வரம்பு மூன்றும் வேண்டும். சேர்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, அதை இரண்டு சட்டங்களுமே வெளிப்படையாகக் கேட்கவில்லை: பின்னால் ஒரு வண்டி வந்து சேர்ந்து, அதன் ஹெட்லைட் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்துவிட்டால், பனி எவ்வளவு அடர்ந்திருந்தாலும் பின்பக்க ஃபாக் லைட்டை அணைத்துவிட வேண்டும். அவர் நம்மைப் பார்த்தாயிற்று; இனி அவருக்குத் தெரிய வேண்டியது நம் பிரேக் லைட்.