பணம் வந்துவிட்டது, வழி சொல்ல யார்?

பொம்மிடிப் பிள்ளைகள் சிலர் ரயிலேறிச் சேலத்துக்கும், சிலர் பேருந்தில் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் தர்மபுரிக்கும் போய்ப் படிக்கிறார்கள். அவர்களில் வீட்டின் முதல் பட்டதாரிகளும் உண்டு. அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்க அவர்கள் வீட்டில் ஆளில்லை. அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பைத் தமிழ்நாடும் இலங்கையும் வெவ்வேறு விதமாக ஏற்றிருக்கின்றன.

இலங்கையில் 1945-இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீள்கிறது. ஆனால் வாசல் குறுகல். பள்ளி முடிவில் எழுதும் உயர்தரப் பரீட்சையில் தகுதி பெற்றவர்களிலும் பெரும்பாலோருக்கு இடமில்லை. இருக்கும் இடங்களைப் பங்கிடுவதில் ஒரு நியாயம் உண்டு. பெரும்பாலான பாடநெறிகளில் 40 விழுக்காடு நாடளாவிய தகுதி வரிசைப்படியும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைப்படியும் போகின்றன. 5 விழுக்காடு கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

உள்ளே நுழைந்தவருக்குத் துணை பக்கத்திலேயே இருக்கிறது. அப்போதைய அமைச்சர் லலித் அத்துலத்முதலி முன்னின்று 1981-இல் சட்டமாக்கிய மகாபொல நிதியம் மாதந்தோறும் புலமைப்பரிசில் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அதை 7,500 ஆக்குவதாக 2025 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. விரிவுரையாளர்களிலேயே சிலர் மாணவ ஆலோசகர்களாக நியமிக்கப்படுகிறார்கள். யாழ்ப்பாணம் உட்பட அரசுப் பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகு இயங்குகிறது. சுயவிபரக்கோவை எழுதுவது, நேர்முகப் பரீட்சைக்குத் தயாராவது, நிறுவனங்களில் பயிற்சிக்குச் சேர்வது எல்லாம் அதன் வேலை.

தமிழ்நாட்டில் வாசல் அகலம். 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியச் சராசரி 28.4. இலங்கை மாவட்டத்தைப் பார்த்து இடம் ஒதுக்கினால், தமிழ்நாடு படித்த பள்ளியைப் பார்க்கிறது: அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2022 செப்டம்பரில் மாணவிகளுக்குத் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. 2022 மார்ச்சில் வந்த நான் முதல்வன் திட்டம், திறன் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே சேர்த்தது.

இத்தனை இருந்தும் குறை எங்கே? தமிழ்நாட்டில் உதவி தலைநகரில் வகுக்கப்பட்டு, கணக்குக்கும் கைப்பேசிக்கும் வந்து சேர்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்க ஆளில்லை. கிராமப்புற அரசுக் கலைக் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவு பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் கூடுதல் சுமை. இலங்கையிலோ ஆள் இருக்கிறார். ஆனால் வாசலுக்கு வெளியே நிற்கும் பெருங்கூட்டம் அவரிடம் போக முடியாது. அந்தக் கூட்டத்தில் தனியார் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு 2017-இல் வந்த வட்டியில்லாக் கடன் உண்டு. ஆனால் கடன் வழிகாட்டாது.

ஆகவே இரு பக்கமும் கற்க வேண்டியது இருக்கிறது. சேர்ந்த கல்லூரி எதுவானாலும் கைகொடுக்கும் தமிழ்நாட்டுப் பரப்பு இலங்கைக்கு வேண்டும். பொம்மிடிப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் முழுநேர வழிகாட்டி ஒருவர் வேண்டும்; முதலாண்டிலேயே மாணவரைப் பெயர் சொல்லி அறிந்தவராக, போட்டித் தேர்வுக்கும் மேற்படிப்புக்கும் கடைசித் தேதி தவறாமல் நினைவூட்டுகிறவராக. திட்டங்களுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் அந்தச் சம்பளம் சிறிது. அதைக் கொடுக்கத் தயங்கினால், கொடுத்த ஆயிரம் ரூபாயின் பலனும் பாதியிலேயே நின்றுவிடும்.