கெல்ஸ் நூலும் அதன் உருவொத்த பதிப்பும்

டப்ளின் நகரத்து டிரினிடி கல்லூரியில் பேணப்பட்டு வரும் கெல்ஸ் நூல், கி.பி. 800-ஐ ஒட்டிக் கொலும்பா மரபுத் துறவிகள் கன்றுத் தோலில் எழுதி வர்ணம் தீட்டிய நான்கு சுவிசேஷங்களின் கிரந்தம். எஞ்சியுள்ள 340 ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் பாக்கியம் ஆராய்ச்சியாளரிலேயே வெகு சிலருக்குத்தான் வாய்க்குமாதலால், மூலத்தை அப்படியே ஒத்த பதிப்பொன்று வேண்டுமென்ற ஆசை நியாயமானதே.

1951-இல் ஸ்விட்சர்லாந்தில் வெளிவந்த பதிப்பில் 48 பக்கங்களே வர்ணத்தில் அமைந்தன. வர்ணமே ஜீவனாகிய நூலுக்கு அது போதவில்லை. 1990-இல் லூசெர்ன் நகரத்துப் பதிப்பகத்தார் கொணர்ந்ததோ வேறு தரத்தது. ஏட்டின்மேல் கண்ணாடியை அழுத்தாமல், மெல்லக் காற்றை உறிஞ்சியே அதைச் சமமாக நிறுத்திப் படம் பிடிக்கும் பொறியொன்றை அவர்கள் இதற்கெனவே அமைத்ததையும், தோலிலிருந்த துளைகளைக்கூடத் தாளில் அந்தந்த இடத்திலேயே இட்டதையும் நினைக்கும்போது, அந்தச் சிரத்தைக்குத் தலைவணங்கவே தோன்றுகிறது. 2000-இல் மாற்கு சுவிசேஷம் அடங்கிய பாகம் கான்பெராவுக்குப் பயணமானபோது வர்ணம் சிறிது சேதமுற்றது; அத்தகைய விபத்துக்கு முந்தைய நிலையைப் பக்கம் பக்கமாகக் காட்டும் சாட்சியென்ற முறையிலும் இப்பதிப்பு அருமையுடையது.

ஆயினும் அதன் விசுவாசம் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஓவியர் ஒரு வர்ணத்தின்மேல் மற்றொன்றைப் பூசி எழுப்பிய மேடுகள் அச்சு மையில் தட்டையாகிவிடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் கட்டடம் செய்தவர் ஓரங்களை வெட்டியதால் குறைபட்ட சித்திர வேலைப்பாடு, குறைபட்டபடியே பதிகிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, துறவிகள் முடித்து வைத்த நூல் இதுவன்று என்பதைப் படிப்பவர் மறந்துவிடலாகாது என்றே அஞ்சுகிறேன்.

இவற்றினும் பெரிய குறை, பிரதிகள் 1480 மட்டுமே என்பது. இந்த எல்லையைத் தொழில்நுட்பம் விதிக்கவில்லை. அபூர்வத்தை விலையாக்கும் வியாபாரம் விதித்தது. பிரான்சின் ஷான்டியி அருங்காட்சியகத்திலுள்ள பெர்ரி கோமகனின் ஜெபநூலுக்கும் 1984-இல் 980 பிரதிகளே அச்சாயின. அங்கு வருவோர் வழக்கமாகக் காண்பதும் நகலையே. மூலத்தை மூடி வைப்பதற்கு நகலைக் காரணம் காட்டுவோர், அந்த நகலை மாணவரின் கைக்கு எட்டும்படி செய்யக் கடமைப்பட்டவராவர். செல்வரின் அலமாரியில் பூட்டப்பட்ட பிரதியால் மூலத்தின் தனிமை சற்றும் குறைந்துவிடவில்லை.

டிரினிடி கல்லூரியார் பின்னர் பக்கங்கள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்தது, ஆடம்பரப் பதிப்பு செய்யத் தவறிய பணி. ஏட்டின் மெய்யான அளவும், எதிரெதிர்ப் பக்கங்கள் ஒருங்கே விரியும் அழகும் மட்டுமே திரையில் கிட்டுவதில்லை. அவற்றுக்காகவேனும் 1990-ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்கியுள்ள நூலகங்கள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, கேட்பவர் முன் மேசைமீது வைக்க வேண்டும்.