பாவத்தில் பங்கு உண்டா?

திருவான்மியூருக்கு அந்தப் பெயர் வந்ததே வால்மீகியால்தான் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. ஈ.சி.ஆர். ஓரத்தில் அவருக்கு ஒரு சின்னக் கோயிலும் இருக்கிறது. முனிவர் ஆவதற்கு முன்னால் அவர் வழிப்பறிக்காரர் என்று அத்யாத்ம ராமாயணம் சொல்கிறது. (வால்மீகி எழுதிய ராமாயணத்தில் இது கிடையாது.) அவர் மடக்கிய ரிஷிகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம். 'யாருக்காகக் கொள்ளையடிக்கிறாயோ, அவர்கள் உன் பாவத்திலும் பங்கு எடுத்துக்கொள்வார்களா? வீட்டில் கேட்டுவிட்டு வா.' போய்க் கேட்டார். வீட்டில் சொன்ன பதில்: 'எங்களுக்குச் சாப்பாடு போடுவது உன் வேலை. பாவம் உன் கணக்கு!'

இதையே ஒரு கிரிமினல் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். 'திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கி வெச்சுக்கிட்டாங்களா? அப்படின்னா செக்ஷன் இருக்கு' என்பார். ஒரு தத்துவப் பேராசிரியரிடம் கேளுங்கள். 'தெரிந்துகொள்ளாமல் இருப்பதே வசதி என்று இருந்துவிட்டால், அது என்ன கணக்கு?' என்று உங்களையே திருப்பிக் கேட்பார். முதல் பதிலை வைத்து ஒரு கேஸ் நடத்தலாம். இரண்டாவது கேள்வி ராத்திரி தூங்கவிடாது.

இந்த இரண்டு பேரிடமும் சேர்த்துப் பாடம் கேட்க ஆசைப்படும் ஒரு ப்ளஸ் டூ பெண் உங்கள் வீட்டில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? 'கிரிமினாலஜி ஓகே, போலீஸ் வேலைக்காவது போகலாம். தத்துவம் எதுக்கும்மா, சாமியாராகப் போறியா?' என்றுதானே!

நியூயார்க்கில் ஜான் ஜே என்று ஒரு கல்லூரி. பெயரிலேயே குற்றவியல் நீதி இருக்கிறது. அங்கே தத்துவத்திலும் பட்டம் வாங்கலாம். ஒரே நேரத்தில் 2 பட்டப்படிப்பு படிக்கலாம் என்று நம் யு.ஜி.சி.யும் 2022 ஏப்ரலில் வழிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. திருவான்மியூரிலேயே இயேசு சபையினர் நடத்தும் சத்திய நிலையம் என்கிற தத்துவக் கல்லூரி இருக்கிறது. பறக்கும் ரயில் ஏறினால் ஓரிரு ஸ்டேஷன் தள்ளி, பெருங்குடியில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக வளாகம். ஆக, தூரம் ஒரு பிரச்னை இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதுதான் பிரச்னை.

பேச வைக்க வேண்டுமானால் முதல் பாடமாக எதை வைக்கலாம்? பிளேட்டோ, காண்ட் எல்லாம் அப்புறம் வரட்டும். மு.சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' புத்தகத்தையும், அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' படத்தையும் வைக்கலாம் என்பேன்.

சந்திரகுமார் கோவை ஆட்டோ டிரைவர். 1983-ல் பிழைப்புக்காகப் போன குண்டூரில், செய்யாத திருட்டுக்காக போலீஸிடம் பட்ட அடிதான் 'லாக்கப்'. படம் 2015-ல் வெனிஸ் விழாவுக்குப் போனது. 2016-ல் இங்கே தியேட்டருக்கு வந்தது. 3 தேசிய விருதுகள் வாங்கியது. நீங்கள் பார்த்திருக்கலாம். இப்போது இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு இன்னொரு முறை பாருங்கள்.

முதல் நோட்டு, சட்டம். பார்க்கில் படுத்துத் தூங்கும் தமிழ்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடிக்கிறார்கள். எதற்கு என்றே சொல்லாமல் அடிக்கிறார்கள். 'ஒத்துக்கோ' என்கிறார்கள். எதை ஒத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியாது. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. அதாவது, அடித்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்ற சந்தேகம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சட்டப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது! அப்புறமும் ஏன் அடி விழுகிறது? அதற்கு முதல் நோட்டில் பதில் இல்லை.

இரண்டாவது நோட்டைத் திறப்போம். பெரிய இடத்தில் திருட்டு. மேலேயிருந்து நெருக்குகிறார்கள். கேஸை முடித்தாக வேண்டும். பி.காம். படித்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' ஞாபகம் இருக்கும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், இடிக்கிற தொகையை அந்தக் கணக்கில் போட்டு இப்போதைக்குச் சரிக்கட்டிவிடலாம். அப்புறம் தப்பைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். இந்தப் பையன்கள்தான் அந்த ஸ்டேஷனின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். கேட்க நாதியில்லாத, பாஷை தெரியாத ஆட்கள். அவர்கள் தலையில் எழுதிவிட்டால் கணக்கு டேலி. தப்பைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

மேல்நாட்டு தத்துவ வகுப்புகளில் இதே கதையை வேறு மாதிரி சொல்வார்கள். கலவரம் வெடிக்கப்போகிற ஊர். யாராவது ஓர் அப்பாவியைத் தூக்கில் போட்டால் ஜனங்கள் அடங்கிவிடுவார்கள், நூறு உயிர் தப்பிக்கும். போடலாமா? பெரும்பான்மை நலன்தான் முக்கியம் என்பவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். எந்த மனிதனையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்ற காண்ட் ஜெயிப்பார். மணி அடிக்கும், கிளாஸ் முடியும். 'விசாரணை'யில் மணி அடிப்பதில்லை. அந்த அப்பாவிக்குப் பெயர் இருக்கிறது. பாண்டி. மளிகைக் கடையில் வேலை. நூறு உயிரெல்லாம் இல்லை, ஒரு ஃபைலை மூட வேண்டும், அவ்வளவுதான். தத்துவ வகுப்பு லாக்கப் வாசல் வரைக்கும் வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இது ஏதோ இறக்குமதிச் சரக்கு என்று நினைக்காதீர்கள். வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம், கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம், குடிமக்கள் அஞ்சும்படி நடந்துகொள்ளாமைக்கு ஓர் அதிகாரம் என்று வரிசையாக மூன்று வைத்திருக்கிறார். 561-வது குறளில், தண்டிப்பதற்கு முன்னால் தகுந்தபடி விசாரிப்பதை வைக்கிறார். தண்டனையின் நோக்கம் அந்தத் தப்பு மறுபடி நடக்காமலிருப்பது என்கிறார். குற்றவியலும் தத்துவமும் ஒன்றே முக்கால் அடிக்குள் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. நாம்தான் அதை ஒப்பித்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனோம்.

படத்துக்கு வருவோம். இரண்டாம் பாதி வெற்றிமாறனின் சொந்தக் கற்பனை. அந்தப் பாதியின் உயிர், சமுத்திரக்கனி செய்த இன்ஸ்பெக்டர் முத்துவேல். ஆந்திரா கோர்ட்டில் பையன்களுக்காக மொழிபெயர்த்துப் பேசி விடுதலை வாங்கித் தருபவர் அவர்தான். கைமாறாக அவர்களை வைத்தே ஓர் ஆடிட்டரைத் தூக்கி வருபவரும் அவர்தான். ஆடிட்டர் ஸ்டேஷனிலேயே சாகிறார். பையன்கள் சாட்சியாகிவிடுகிறார்கள். சாட்சிகளை முடித்துவிடலாம் என்று முடிவாகும்போது முத்துவேல் தடுமாறுகிறார். நல்லவராக இருந்து எந்த இடத்திலிருந்து பங்காளியானார் என்று யோசித்துப் பாருங்கள். முதல் உதவியிலேயே கணக்கு ஆரம்பித்துவிட்டது. இதை ஒரு வசனத்தில்கூட விளக்காமல் முகத்திலேயே கொண்டுவந்தது பெரிய விஷயம்.

ஆனால், எனக்கு இந்தப் படத்தோடு ஒரு சண்டை உண்டு. கடைசியில் பாண்டியும் மிஞ்சவில்லை, முத்துவேலும் மிஞ்சவில்லை. சகதியும் இருட்டும் துப்பாக்கிச் சத்தமும்தான் மிச்சம். தியேட்டரைவிட்டு வருகிறவன், 'சிஸ்டமே அப்படித்தான், ஒருத்தனால என்ன பண்ண முடியும்?' என்று பெருமூச்சு விட்டுவிட்டு பைக்கை எடுக்கிறான். அந்தப் பெருமூச்சில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாராலும் எதுவும் முடியாது என்றால், யாருக்கும் பொறுப்பும் இல்லையே! 'லாக்கப்' புத்தகம் இதற்கு நேர் எதிர்சாட்சி. அடிபட்டவர் பிழைத்து வந்தார், உட்கார்ந்து எழுதினார், அதனால்தான் படமே வந்தது. தன்னைப் பெற்ற புத்தகத்தின் மிகப் பெரிய செய்தியைப் படம் விட்டுவிட்டது.

நிஜம் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2020 ஜூன், சாத்தான்குளம். தந்தை ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் இருவரும் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார்கள். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி நடந்ததைச் சொன்னார். காவலில் ஒருவர் இறந்தால் ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும் என்பது 2005-ல் வந்த சட்டத் திருத்தம். கேள்வி கேட்கிற நாற்காலியைச் சட்டம் போட்டுத் தந்தது. எதிரே நின்று பதில் சொல்கிற துணிச்சலை எந்த செக்ஷன் தரும்? கூட வேலை பார்ப்பவர்கள், சம்பளம், குடும்பம் எல்லாவற்றையும் தட்டின் ஒரு பக்கம் வைத்துவிட்டு உண்மையை மறுபக்கம் வைக்கிற எடை போடுதலுக்குப் பெயர்தான் தத்துவம். அதே நேரம், அந்த நாற்காலி இல்லாமலிருந்தால் அவர் துணிச்சல் யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், நம் பங்கு என்று ஒன்று இருக்கிறது. 2003-ல் 'காக்க காக்க'விலும் 'சாமி'யிலும் போலீஸ் ஹீரோ கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ப்பை எழுதியபோது விசிலடித்தது யார்? 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே 4 பேரைச் சுட்டுக் கொன்ற போலீஸ் மீது ஜனங்கள் பூ தூவினார்கள். வேண்டுமென்றேதான் சுட்டார்கள் என்று நீதிபதி சிர்புர்கர் கமிஷன் அறிக்கை 2022-ல் வெளியானபோது, அந்தப் பூக்களைப் பற்றி யாரும் பேசவில்லை. திரையில் என்கவுன்டருக்குக் கைதட்டிவிட்டு, 'விசாரணை'யைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒரே ஸ்டேஷன், ஒரே லத்தி. ஒன்றில் கேமரா அடிக்கிறவர் பக்கம் நிற்கிறது, இன்னொன்றில் அடிபடுகிறவர் பக்கம் நிற்கிறது.

'சாப்பாடு போடு, பாவம் உன் கணக்கு' என்ற வால்மீகி வீட்டுக்காரர்களைப் போலத்தான் நாமும். ஊர் அமைதியாக இருக்க வேண்டும். அது எப்படி வந்தது என்று மட்டும் யாரும் நம்மிடம் சொல்லக் கூடாது.

எனவே, உங்கள் பெண் கிரிமினாலஜியும் தத்துவமும் சேர்த்துப் படிக்கிறேன் என்றால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். வேலை கிடைக்குமா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. கூடவே இன்னொன்றையும் யோசியுங்கள். நாளைக்கு அவள் ஏதோ ஒரு ஸ்டேஷனில் நாற்காலியில் உட்காரலாம். ராத்திரி 11 மணிக்கு, பாஷை தெரியாத ஒரு பையனை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தலாம். அப்போது அவளுக்கு செக்ஷன் நம்பர் மட்டும் தெரிந்தால் போதுமா?